இரண்டும் ஒரே பொதி, இரண்டுக்கும் ஒரே பதிப்பு, அப்புறம் என்ன மோதல்?

கணினியில் ஜென்டூ என்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், "எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டுமாமே, எப்படிப் பொறுத்துக்கொள்கிறாய்?" என்று கேட்காத ஆள் கிடையாது. மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் அந்தக் கம்பைல் வேலையில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. க்யூடி வெப்எஞ்சின் போன்ற பெரிய மென்பொருள் மணிக்கணக்கில் ஓடட்டும், நான் தூங்கிக்கொள்கிறேன். அதுவும் முடியாதவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து முன்கூட்டியே கம்பைல் செய்த ஆயத்தப் பொதிகளே (பொதி என்றால் ஒரு மென்பொருளின் நிறுவல் கட்டு) கிடைக்கின்றன. என் வயிற்றெரிச்சல் எல்லாம் கம்பைல் தொடங்குவதற்கு முன்பே திரையை நிறைக்கும் அந்தப் பிழைச்செய்திமேல்தான்.

மொத்த அமைப்பையும் புதுப்பிக்கச் சொல்லி, ஜென்டூவின் பொதி மேலாளரான போர்ட்டேஜுக்கு எமர்ஜ் கட்டளையைக் கொடுக்கிறோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, ஒரே ஸ்லாட்டில், அதாவது ஒரு பிரதிக்கு மட்டுமே இடமுள்ள இடத்தில், ஒரு பொதியின் இரண்டு பிரதிகள் வந்து மோதுகின்றன என்று பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. எந்த இரண்டு என்று பார்த்தால் அதே செட்டப்டூல்ஸ் என்ற பைத்தான் நூலகம், அதே பதிப்பு எண்! ஒன்று நிறுவப்பட்டிருப்பது, மற்றது நிறுவப்படப் போவது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால்தான் தெரிகிறது, ஒன்று பைத்தான் மொழியின் 3.11 பதிப்புக்குக் கட்டியது, மற்றது 3.12க்கு. ஜென்டூவில் இயல்பாக வரும் பைத்தான் பதிப்பு 2024 ஜூன் 1 அன்று 3.12க்கு மாறியபோது இந்தக் கூத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். 3.12ஐ இன்னும் ஆதரிக்காத ஏதோ ஒரு பழைய பொதி மூலையில் கிடக்கிறது. தனக்குத் தேவையான நூலகங்கள் எல்லாம் 3.11க்கும் இருந்தாக வேண்டும் என்று அது அடம் பிடிக்கிறது. அந்த நூலகங்களுக்குத் தேவையானவையும் அப்படியே இருக்க வேண்டியதாகிறது. ஒரு பொதியின் பிடிவாதத்தால் ஊரே நிற்கிறது. அந்த ஒன்றின் பெயரைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

சொல்லாது. எந்த நிபந்தனை இடிக்கிறது என்று காட்ட வரிக்குக் கீழே தொப்பிக் குறிகளை (^) வரிசையாகப் போடும். நல்ல எண்ணம்தான். ஆனால் வரியின் நீளத்துக்கு அது திரையில் மடிந்து விழுகிறது, குறிகள் சம்பந்தமே இல்லாத எழுத்துகளின் கீழே போய் நிற்கின்றன. அதற்கும் கீழே, இதே சிக்கல் உள்ளவை இன்னும் இத்தனை என்று ஒரு எண்ணிக்கை. நான் தேடுகிற ஆசாமி அந்த 'இன்னும்' கூட்டத்தில்தான் ஒளிந்திருப்பான். அவர்கள் பெயரையும் பார்க்க வேண்டுமானால் கட்டளையோடு வெர்போஸ் கான்ஃப்ளிக்ட்ஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்துத் தனியாகக் கெஞ்ச வேண்டும்.

கூடவே அறிவுரைகள் வேறு. எத்தனை முறை பின்வாங்கி வேறு வழி தேடலாம் என்று சொல்லும் பேக்ட்ராக் எண்ணைக் கூட்டிப் பார் என்பார்கள். தீர்வு எங்காவது இருந்தால் கூட்டலாம். தீர்வே இல்லாத இடத்தில் முப்பது கொடுத்தால் என்ன, முந்நூறு கொடுத்தால் என்ன? விசிறி இன்னும் சத்தமாகச் சுற்றும், அவ்வளவுதான். தடுத்துவைத்த பதிப்புகளைத் திறந்துவிட யோசனை சொல்லும் ஆட்டோஅன்மாஸ்க்கை நம்பிப் போனவர்களுக்கோ, சில சமயம் 9999 என்று முடியும் பதிப்பை, அதாவது வெளியீடே காணாத அன்றாட நிரலை, நிறுவச் சொல்லி யோசனை வரும்.

எந்தப் பொதிக்கு எது தேவை என்ற சார்புகளைத் தீர்ப்பது என்பி முழுமை வகைச் சிக்கல், அதாவது எப்போதும் வேகமாகத் தீர்க்க வழி தெரியாத வகை, என்பது எனக்கும் தெரியும். தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் உழைக்கிறார்கள் என்பதும் தெரியும். நான் தீர்க்கச் சொல்லவில்லையே! "இந்தப் பொதி 3.12ஐ ஆதரிக்கவில்லை, வேர்ல்டு கோப்பில் நீயே சேர்த்தது" என்று ஒரு வரி சொல்லக் கேட்கிறேன். (வேர்ல்டு கோப்பு என்பது நாமே கேட்டு நிறுவிய பொதிகளின் பட்டியல்.) இந்த இரண்டு விவரங்களும் போர்ட்டேஜின் கையிலேயே இருக்கின்றன.

சரி, துப்பறிந்து அந்தப் பழைய பொதியைக் கண்டுபிடித்தாயிற்று, நீக்கிவிடலாம் என்று, சார்புகளைப் பார்த்துப் பத்திரமாகப் பொதிகளை நீக்கும் டெப்கிளீனைக் கூப்பிட்டால், பாதியில் நிற்கும் அமைப்பில் சில வேளை அதுவும் முறைத்துக்கொள்கிறது. சார்புகள் முழுமையாக இல்லையாம், முதலில் அமைப்பு முழுவதையும் புதுப்பித்துவிட்டு வரவேண்டுமாம். அதைப் புதுப்பிக்கத்தானே ஐயா இதை நீக்க வந்தேன்! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

கடைசியில் யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்றே பார்க்காமல் பிடுங்கி எறியும் அன்மெர்ஜ்தான் கைகொடுக்கிறது. அதுவும் உடனே செய்யாது. நிறுத்த விரும்பினால் நிறுத்திக்கொள் என்று சொல்லிவிட்டு 5, 4, 3, 2, 1 என்று திரையில் எண்ணுகிறது. குற்றவாளியின் பெயரைச் சொல்ல ஒரு வரி இல்லாத மென்பொருளுக்கு, என்னை மிரட்ட மட்டும் ஐந்து விநாடி கிடைத்துவிடுகிறது.