ஒன்று, இரண்டு, மூன்று: மூன்றையும் போடுங்கள்

(2024 செப்டம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் எழுதியது.)

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் என்னிடம் படித்த பிள்ளை ஒருவனைக் கண்டேன். இப்போது இருபத்தாறு வயது. கல்லும் மணலும் ஏற்றுகிற லொறி ஓடுகிறான். வாக்காளர் அட்டை வந்துவிட்டதா என்று கேட்டேன். "வந்தது ரீச்சர். நான் போடப் போறேல்லை. ஆர் வந்தாலும் எங்களுக்கு என்ன?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கத்தரிக்காய் என்ன விலை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சந்தையில் நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்து வாசியுங்கள்.

2005 நவம்பர் 17ஆம் திகதி வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் கனிஷ்ட தலைமை தாங்கும் உத்தியோகத்தராக ஜனாதிபதித் தேர்தல் கடமையில் இருந்தேன். விடிய ஏழு மணிக்கு வெறும் பெட்டியைத் திறந்து காட்டி முத்திரை வைத்தோம். பெயர்ப் பட்டியலோடு ஒருவர், மை போத்தலோடு ஒருவர், வாக்குச்சீட்டுக் கட்டோடு ஒருவர் என்று எல்லோரும் தங்கள் தங்கள் மேசையில் இருந்தோம். எட்டு மணியாகியது, பத்து மணியாகியது, ஒருவரும் வரவில்லை. வாக்களிக்கப் போகவேண்டாம் என்று ஊருக்குச் சொல்லப்பட்டிருந்தது. போனால் என்ன நடக்கும் என்பதை யாரும் விளக்கத் தேவை இருக்கவில்லை. மத்தியானம் ஒரு ஐயா படலையடி வரைக்கும் வந்து, உள்ளே எங்களைப் பார்த்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கியபோது இருந்த அந்தப் பாரமில்லாத பாரம் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது.

அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் 7 லட்சத்துக்கு மேல். வாக்களித்தவர்கள் 8,524 பேர், அதாவது 1.21 வீதம். மகிந்த ராஜபக்ஷ நாடு முழுவதிலும் ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 180,786 வாக்குகளால். மற்றவர் வென்றிருந்தால் போர் வந்திராது என்று நான் வாதாட வரவில்லை. அந்தத் தேர்தலுக்குப் பிறகு வந்த நாலு வருடங்களில் செத்ததும் இழந்ததும் நாங்கள், அதை முடிவுசெய்த நாளில் வீட்டுக்குள் இருந்ததும் நாங்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

"ஆர் வந்தாலும் எங்களுக்கு என்ன" என்ற கேள்விக்கு வருகிறேன். 2015 இல் மைத்திரிபால சிறிசேன வென்ற வித்தியாசம் ஏறத்தாழ நாலரை லட்சம். வடக்கும் கிழக்கும் போகாமல் விட்டிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். அவர் எங்கள் பிரச்சினையைத் தீர்த்தாரா? தீர்க்கவில்லை. எழுதத் தொடங்கிய புதிய அரசியலமைப்பு பாதியில் நின்றது. ஆனால் அந்த வருடங்களில் கொஞ்சக் காணிகள் திரும்பி வந்தன. மயிலிட்டித் துறைமுகத்தை 2017 இல் மக்களிடம் விட்டார்கள். தகவல் அறியும் சட்டம் வந்தது. மே 18 இல் முள்ளிவாய்க்காலுக்குப் போய் வாய்விட்டு அழ முடிந்தது. பிறகு கோட்டாபய வந்தார். 2021 ஜனவரி 8 இரவு யாழ் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த நினைவுத் தூபியை இடித்தார்கள். அழ விடுகிற ஆட்சிக்கும் அழவும் விடாத ஆட்சிக்கும் இடையில் ஒரு தாய்க்கு வித்தியாசம் தெரியும். சின்ன வித்தியாசம் என்று சொல்கிறவர்கள் அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொல்லட்டும்.

இந்தமுறை, 2024 இல், வாக்குச்சீட்டில் 39 பெயர்கள். ஒருவர் போன மாதம் காலமாகிவிட்டார், பெயர் மட்டும் சீட்டில் இருக்கும். 39 பேரில் ஒரு பெண்கூட இல்லை. நாட்டின் 1 கோடி 71 லட்சம் வாக்காளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 2022 இல் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் கால் கடுக்க நின்றதில் பாதிக்கு மேலும் பெண்கள்தான் என்று நினைக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

சரி, முன்னுக்கு நிற்கிறவர்களைப் பார்ப்போம். மேடைப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, எழுதிக் கொடுத்திருப்பதையும் இதற்கு முன் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன்.

ரணில் விக்கிரமசிங்க, சிலிண்டர் சின்னம். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. ஜூலையில் பாராளுமன்றத்தின் 134 வாக்குகளால் இவர் ஜனாதிபதியானார். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உடன்படிக்கை வந்தது. வரிசைகள் போனது உண்மை, அதை மறைக்கக்கூடாது. அதற்கான விலையாக வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியதும் உண்மை. அந்த உடன்படிக்கையை அப்படியே கொண்டுபோவேன் என்கிறார். மாகாண சபைகளுக்கு அதிகாரம் தருகிற பதின்மூன்றாம் திருத்தத்தைப் பொலிஸ் அதிகாரம் இல்லாமல் தருவேன் என்கிறார். என்னை உறுத்துவது வேறொன்று. 2023 மார்ச் 9 இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், காசில்லை என்று நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒரு தேர்தலை நடத்தாமல் விட்டவர் இன்னொரு தேர்தலில் என் வாக்கைக் கேட்கிறார். வாழ்நாளில் பாதித் தேர்தல்களில் கடமை செய்த எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

சஜித் பிரேமதாச, தொலைபேசி. பதின்மூன்றை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்கிறார். நாணய நிதியத்தோடு திரும்பப் பேசி மக்களின் சுமையைக் குறைப்பேன் என்கிறார். தமிழரசுக் கட்சி 2024 செப்டம்பர் முதலாம் திகதி வவுனியாவில் கூடி இவரை ஆதரிப்பது என்று முடிவெடுத்தது. 2019 இலும் யாழ் மாவட்டம் இவருக்குத்தான் 83 வீதத்துக்கு மேல் போட்டது. தெற்கிலிருந்து வருகிறவர்களில் வெளிப்படையாக "முழுமையாக" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறவர் இவர். அந்தச் சொல்லை ஹம்பாந்தோட்டையிலும் இதே குரலில் சொல்கிறாரா என்று பாருங்கள். பேச்சுகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன, சிங்களம் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டால் சொல்லுவார்கள்.

அநுர குமார திசாநாயக்க, திசைகாட்டி. எங்கள் இளம் பிள்ளைகளில் கொஞ்சப் பேர் இவர் பக்கம் சாய்வது எனக்குத் தெரியும். ஊழலில் சலித்துப்போனவர்கள் வேறு எங்கே போவார்கள்? விஞ்ஞாபனத்தில் இருப்பவை இவை: 2015 முதல் 2019 வரை நடந்த அரசியலமைப்பு வேலையைத் தொடர்ந்து முடிப்போம், மாகாண சபைத் தேர்தலையும் உள்ளூராட்சித் தேர்தலையும் ஒரு வருடத்துக்குள் வைப்போம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம். உணவுக்கும் மருந்துக்கும் பாடப் புத்தகத்துக்கும் வற் வரியை எடுப்பதாகவும், மாதம் 2 லட்சம் வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லாமல் செய்வதாகவும் சொல்கிறார்கள். 2024 இல் அந்த எல்லை 1 லட்சம்.

எழுத்தில் நல்லதுதான். ஆனால் என் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கிறது. 1987 இல் மாகாண சபைகளை எதிர்த்துத் தெருவில் இறங்கிய கட்சி இவருடைய மக்கள் விடுதலை முன்னணி, அதாவது ஜே.வி.பி. 2005 இல் மகிந்தவுக்கு மேடை ஏறியதும் அவர்கள்தான். வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006 ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர்கள் போட்ட வழக்கில் வந்தது. மனிதர் மாறலாம், கட்சியும் மாறலாம். அந்த மாற்றத்தை எங்களுக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தையாகச் சொன்னால் என்ன என்பதே என் ஆதங்கம். ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்ற அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் நாள் எண்ணிக் கேட்கலாம்.

மாகாண சபையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்தது, வடக்கு 2018 ஒக்டோபரில். அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆறு வருடமாக ஆளுநரின் கையெழுத்தில் மாகாணம் நடக்கிறது. எங்கள் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை அந்த மாகாணத்தின் கீழே இருக்கின்றன. கணித ஆசிரியர் இல்லை என்று போய்க் கேட்க, நாங்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட அங்கே இல்லை. முப்பத்தொரு வருடம் படிப்பித்தவள் சொல்கிறேன், அதிகாரம் போதாத சபையாக இருந்தாலும் அது இல்லாமல் இருப்பதைவிட மேல்.

நாமல் ராஜபக்ஷ காணி அதிகாரமும் இல்லை, பொலிஸ் அதிகாரமும் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அவரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை.

இந்த நாலு பேரும் சேர்ந்து மௌனமாக இருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 இல் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். ஏழரை வருடம் ஆகிறது. படத்தை மடியில் வைத்தபடியே சிலர் கண்ணை மூடிவிட்டார்கள். போரின் இறுதியில் நடந்தவற்றுக்குச் சர்வதேச விசாரணை என்பதை நாலு பேரில் ஒருவரும் ஏற்கவில்லை. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதியை 1994, 2005, 2015 என்று கேட்டுக் கேட்டு எங்கள் காது மரத்துவிட்டது, இந்தமுறையும் அநுரவும் சஜித்தும் சொல்கிறார்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த மௌனத்தால்தான் சங்குச் சின்னம் வந்தது. பா. அரியநேத்திரன், மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர், தமிழ்ப் பொது வேட்பாளர். அவர் வெல்லப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும், அவரை நிறுத்தியவர்களுக்கும் தெரியும். எங்கள் சுயநிர்ணய உரிமையை எண்ணிக்கையாகக் காட்டவேண்டும் என்கிறார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். 1982 இல் குமார் பொன்னம்பலம் நின்றபோதும் இதே விவாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது, அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மாதம் கதைக்கவில்லை. சங்குக்குப் போடுகிறவர்களைப் பார்த்து வாக்கை வீணாக்குகிறார்கள் என்று ஏசுவது அநியாயம். 2010 இல் போரை நடத்திய இராணுவத் தளபதிக்கே யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் போட்டார்கள். அப்படிப் போட வேண்டி வந்த ஒரு மக்களுக்கு, ஒருமுறை தங்கள் பெயரைச் சொல்கிற ஒருவருக்குப் போடவேண்டும் என்று மனம் கேட்காதா?

புறக்கணிக்கச் சொல்லும் தம்பிமாரிடம் மட்டும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கொள்கை விளங்குகிறது. ஆனால் நான் அந்த வெறும் பெட்டியைத் தூக்கியவள்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் வாக்குச்சீட்டில் மூன்று விருப்புகள் போடலாம். 1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதிக்கு மேல் எடுத்துவிட்டதால் இரண்டாம் விருப்பை எண்ணவே இல்லை. அதனால்தான் எங்களில் பலருக்கு அது பழக்கமில்லை. இந்தமுறை மூன்று பேர் பலமாக நிற்கிறார்கள். ஒருவரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளைத் திரும்ப எடுத்து, அதில் இருக்கும் 2 அந்த இருவரில் ஒருவருக்கா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் 3 ஐப் பார்ப்பார்கள்.

சங்குக்கு 1 போட்டு மற்றதை வெறுமையாக விட்டால் உங்கள் செய்தி பதிவாகும், ஆனால் யார் ஜனாதிபதி என்பதில் உங்களுக்குச் சொல் இருக்காது. சங்குக்கு 1 போட்டு, மற்றவர்களில் உங்களுக்குக் குறைந்த ஆபத்து என்று படுகிறவருக்கு 2 உம், அடுத்தவருக்கு 3 உம் போட்டால் இரண்டும் கிடைக்கும். ஒரே சீட்டில் உரிமையையும் கேட்கலாம், ஆட்சியையும் தீர்மானிக்கலாம். வேறு யாருக்கு 1 போட்டாலும் இதே கணக்குத்தான். யாருக்கு எந்த இலக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. என்னிடம் படித்தவர்கள் இதை வாசிக்கிறார்கள், அவர்கள் தாங்களே யோசித்துப் போடவேண்டும் என்பதே என் ஆசை.

கவனம் ஒன்று. ஒருவருக்கு மட்டும் போடுவதென்றால் 1 அல்லது புள்ளடி (X), எதுவும் செல்லும். விருப்புகள் போடுவதென்றால் 1, 2, 3 என்று இலக்கமாகவே போடுங்கள். ஒருவருக்குப் புள்ளடி போட்டு இன்னொருவருக்கு 2 என்று கலந்தால் சீட்டு செல்லாது. 1 இல்லாமல் 2 மட்டும் போட்டாலும் செல்லாது. இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டாலும் செல்லாது. 2019 இல் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 135,452. கண் மங்கிய அம்மாமாருக்கும் அப்புமாருக்கும் ஒரு கடதாசியில் எழுதிப் பழக்கிக் காட்டுங்கள். சீட்டு நீளம், சின்னத்தைத் தேடவே நேரம் எடுக்கும். காலை 7 முதல் பின்னேரம் 4 வரை. வாக்காளர் அட்டை வராவிட்டாலும் இடாப்பில் பெயர் இருந்து அடையாள அட்டை இருந்தால் போடலாம்.

நேற்று அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். இதெல்லாவற்றையும் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரெண்டாவதுக்கு ஆரைப் போடுறது ரீச்சர்?" என்று கேட்டான். நீதான் யோசிக்கவேணும் என்றேன். எனக்கு முழங்கால் வருத்தம், சைக்கிளில் பள்ளிக்கூடம் மட்டும் போக ஏலாது. சனிக்கிழமை விடிய ஏழரைக்கு லொறியோடு வந்து என்னையும் பக்கத்து வீட்டு மாமியையும் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான். முன் சீட்டில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது வாகனம் தேவையென்றால் எனக்குச் சொல்லுங்கள்.