அனுதாப ஒப்பந்தமா?
வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் புதுமுகத் தேர்வில் முதல் சுற்றில் தேர்வாகி சோபிக்காத வீரரை, அதற்கு அடுத்த நிலை லீக்கான ஏஹெச்எல் ஒப்பந்தத்தில் எடுப்பது வெறும் அனுதாபம் என்கிறது ஒரு கட்டுரை. அணிக்கு இதில் நல்ல கணக்கு இருக்கிறது. என்ஹெச்எல் அணி 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஏஹெச்எல் ஒப்பந்தம் அதில் சேராது. அவரை என்ஹெச்எல்லுக்கு ஏற்ற வேண்டுமானால்தான் புது ஒப்பந்தம். ஜோனதன் மார்ச்செசோ 2011-ல் கனெக்டிகட் வேல் என்ற ஏஹெச்எல் அணிக்குள் ஏஹெச்எல் ஒப்பந்தத்தில்தான் நுழைந்தார். 2023-ல் வேகாஸ் அணி என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, பிளேஆஃப் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்குத்தான். இப்படிப்பட்ட வீரருக்கு "24 வயசாச்சே" என்பவர்களுக்கு: அலெக்ஸ் பரோஸ் என்ஹெச்எல்லில் வான்கூவர் அணிக்கு முதல் ஆட்டம் ஆடியதே 24 வயதில், அதுவும் ஏஹெச்எல்லுக்கும் கீழே உள்ள ஈசிஹெச்எல் லீக்கில் உருண்டு புரண்டு வந்து. டொராண்டோவில் ஏஹெச்எல் அணியான மார்லீஸின் ஆட்டத்துக்குச் சீக்கிரமே போய்ப் பாருங்கள், பயிற்சி முடிந்து எல்லாரும் உள்ளே போன பிறகும் ஒருவர் தனியாக பக் (ரப்பர் வட்டு) அடித்துக்கொண்டிருப்பார். அனுதாபத்தில் வந்தவர் மாதிரி எனக்குத் தெரியவில்லை.