விதை இல்லையென்றால் பணத்தை ஏன் வாங்குகிறீர்கள்?

விதைக்கும் பருவம் நெருங்கினால் விதை கேட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள் என்பது விதை விற்பவருக்குத் தெரியாத செய்தியா? ஆண்டுதோறும் இதே கூத்துதான். இணையத்தில் 'கையிருப்பு உள்ளது' என்று காட்டுகிறது. பணம் அந்த நொடியே போய்விடுகிறது. அதன்பிறகு மூச்சுப் பேச்சு இல்லை. கேட்டால் பதில் இல்லை. வாரக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, 'வருந்துகிறோம், தக்காளி விதை தீர்ந்துவிட்டது' என்று ஒரு வரி அனுப்புகிறார்கள்.

பணம் திரும்ப வந்துவிடும். போன நாட்களை யார் தருவார்கள்? தக்காளி, மிளகாய், கத்தரியை எல்லாம் நாற்றுவிட்டு, நான்கு வாரமாவது வளர்த்துத்தான் நட வேண்டும். குளிர்ப் பகுதி என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். விதை கைக்கு வராமல் கழிகிற ஒவ்வொரு வாரமும் அறுவடையில்தான் குறையும். சட்டை தாமதமாக வந்தால் அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம், விதை அப்படியா?

தட்டுப்பாடு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேரட், வெங்காயம், முட்டைக்கோஸ் போன்றவை பொதுவாக இரண்டாம் ஆண்டில்தான் பூத்து விதை தரும். தேவை கூடிவிட்டது என்பதற்காக ஒரே மாதத்தில் விளைவித்துவிட முடியாது. விளைவிக்கிறவர்கள் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. 2020-இல் ஊரடங்குக் காலத்தில் பல நாடுகளில் மக்கள் வீட்டுத்தோட்டம் போடக் கிளம்பியபோது, சில விதை நிறுவனங்கள் புதிய ஆர்டர் வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்தின. பல இடங்களில் குறைந்தது விதையல்ல, அதை எடைபோட்டுப் பொட்டலம் கட்டும் கைகள்தான். இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததை வாங்குவோம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த நேர்மையைத்தான் கேட்கிறேன்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. கேட்ட ரகம் இல்லையென்றால், ஒரு வார்த்தை கேட்காமல் வேறொன்றைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நான் கேட்டது விதையெடுத்து மறுபடி விதைக்கக்கூடிய நாட்டு ரகம். வந்திருப்பது எஃப்1, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை வீரிய ஒட்டு ரகம். அதன் பழத்தில் விதையெடுத்துப் போட்டால் தாய்ச்செடியைப் போலவே வராது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும். 'இதுவும் தக்காளிதானே' என்று எழுதுகிறவர் விதைக்கடை நடத்தத் தகுதியற்றவர்.

மொத்தமாக வாரிக்கொண்டு போகிறவர்களையும் சொல்ல வேண்டும். நான்கு தொட்டிக்குப் பத்துப் பொட்டலம் எதற்கு? வெங்காய விதை சாதாரண அறை வெப்பத்தில் ஓரிரு ஆண்டிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். உங்கள் அலமாரியில் கிடந்து சாகப்போகிற விதை இன்னொருவர் பாத்தியில் முளைத்திருக்க வேண்டியது. ஒருவருக்கு இத்தனைதான் என்று கடைக்காரர் வரம்பு வைத்தால் என்ன?

அவசர காலத்தில் பழைய சரக்கைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. பொட்டலம் கட்டிய தேதியை மட்டும் பெரிதாக அச்சடிக்காதீர்கள். முளைப்புத்திறனை எப்போது சோதித்தீர்கள், எத்தனை சதவீதம் முளைத்தது என்று போடுங்கள். தளத்தில் உண்மையான இருப்பைக் காட்டுங்கள். தீர்ந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள், வேறு இடத்திலாவது வாங்கி விதைத்துக்கொள்கிறோம். அனுப்ப ஆள் இல்லையென்றால் நான்கு நாள் ஆர்டர் வாங்காதீர்கள்.