ஜெராக்ஸ் நோட்ஸ்ல பைத்தானா? கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா சார்!

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஆரம்பிச்சு பாண்டி லாஸ்பேட்டை வரைக்கும் புரோகிராம் எழுதுற மொழியான பைத்தானைச் சொல்லித்தர்ற எந்த கம்ப்யூட்டர் சென்டர்ல கேட்டாலும் ஒரே பாட்டு: "பைத்தான் ரொம்ப ஈசி." ஈசிதான், யாரு இல்லைன்னா? அதைச் சொல்லித்தர்ற லட்சணம்தான் சகிக்கல. கையில ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுக்குறாங்க. ஜெராக்ஸோட ஜெராக்ஸ். அதுல புரோகிராமோட எல்லா வரியும் இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது.

சார், பைத்தான்ல வரிக்கு முன்னாடி விடுற இடம் அழகுக்கு இல்ல. இலக்கணமே அதுதான். சி, ஜாவா மாதிரி மொழிகள்ல எது எதுக்குள்ள அடங்கும்னு அடைப்புக்குறி சொல்லும், இங்க ஸ்பேஸ் சொல்லும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற லூப்போட 'ஃபார்' வரியைக் கோலனோட (:) முடிச்சா அடுத்த வரி உள்ள தள்ளிப் போகணும், வழக்கமா நாலு ஸ்பேஸ். உள்ள போகவே இல்லைன்னா எரர். அது கூடப் பரவாயில்ல, திட்டியாவது தொலைக்குது.

திட்டாமலே கழுத்தறுக்கிறது 'ரிட்டர்ன்', அதாவது விடையைக் கொடுத்துட்டு ஃபங்ஷனை விட்டு வெளிய வர்ற வரி. ஃபங்ஷன்னா பேர் வச்சுக் கட்டின ஒரு புரோகிராம் துண்டு. ஃபங்ஷனுக்குள்ள லூப் போட்டு 78, 65, 90, 55, 82னு அஞ்சு மார்க்கைக் கூட்டுறோம். ரிட்டர்ன் நாலு ஸ்பேஸ்ல, லூப்புக்கு வெளிய நின்னா லூப் முழுசா ஓடி 370 வரும். எட்டு ஸ்பேஸ்ல, லூப்புக்குள்ள நின்னா முதல் மார்க்கைக் கூட்டின கையோட வெளிய வந்துடும், விடை 78. எரர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஓரத்துல ஒட்டின ஜெராக்ஸைப் பார்த்து அந்தப் பிள்ளை நாலா எட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கும்? ஜோசியமா?

இதுல ஒரு வரிக்கு டேப், அடுத்த வரிக்கு ஸ்பேஸ். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், பைத்தான் 3 மட்டும் எரர்னு முறைக்கும். டேப் தட்டினா நாலு ஸ்பேஸ் விழுற மாதிரி, புரோகிராம் அடிக்கிற எடிட்டர்ல செட்டிங் இருக்கு. முதல் நாளே அதைப் போட்டுக் கொடுத்தா என்ன கேடு?

அந்த நோட்ஸோட வயசு அடுத்த கொடுமை. பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஓட ஆதரவை நிறுத்திட்டாங்க. இன்னும் திரையில விடையைக் காட்டுற 'பிரிண்ட்'டை, அடைப்புக்குறி இல்லாத அந்தப் பழைய மாதிரியிலயே ஓட்டுறாங்க. அதுவாவது பைத்தான் 3-ல உடனே எரர் கொடுத்து மாட்டிக்கும். நாம டைப் பண்றதை வாங்கிக்கிற 'இன்புட்' அப்படி மாட்டாது. கடலூர் முதுநகர்ல வஞ்சிரம் மீன் கிலோ 800 ரூபாய்னு வைங்க. எத்தனை கிலோன்னு இன்புட்ல வாங்கி 800-ஆல பெருக்கணும். 2னு அடிச்சா பைத்தான் 2-ல 1600 வரும். பைத்தான் 3-ல? 22222-ன்னு எண்ணூறு ரெண்டு திரை முழுக்கக் கொட்டும். ஏன்னா 3-ல இன்புட் கொடுக்கிறது எண் இல்ல, ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துக் கோவை. ஸ்ட்ரிங்கை எண்ணால பெருக்கினா அத்தனை தடவை அதையே திருப்பி எழுதும். இன்புட்டை, எண்ணா மாத்துற 'இன்ட்'டுக்குள்ள (int) போட்டா முடிஞ்சது. அந்த மூணு எழுத்து நோட்ஸ்ல இல்ல, "நீ தப்பா டைப் பண்ணியிருப்ப"ன்னு பிள்ளைக்குத்தான் திட்டு.

வேர்டுல அடிச்சு அனுப்புற புண்ணியவான்களும் இருக்காங்க. அதுல மேற்கோள் குறி தானா வளைஞ்சுக்கும், பைத்தானுக்கு நேர் குறிதான் வேணும். அப்படியே காப்பி பண்ணி ஒட்டினா இன்வேலிட் கேரக்டர்னு எரர்.

புரோகிராமை டெக்ஸ்ட் ஃபைலாவே கொடுங்க சார். பேப்பர்லதான் எழுத வைப்பேன்னா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களோட கட்டம் போட்ட கணக்கு நோட்டையாவது வாங்கி வரச் சொல்லுங்க. கட்டத்துக்கு ஒரு எழுத்து, உள்ள போக நாலு கட்டம்.