30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியைக் கழற்றி 100 போடாதீர்கள்
ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆனால் 30 மில்லியாம்பியருக்குப் பதில் 100 போடுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். ஷாக் அடிக்கும்போது ஆளைக் காப்பது அந்த 30தான். 100, 300 எல்லாம் பெரும்பாலும் தீப்பிடிக்காமல் இருக்க. லோடு கூடினால் விழுவது எம்சிபி, அது வேறு பிரேக்கர். ஆர்சிசிபி விழுந்தால், போன கரண்ட் முழுதாகத் திரும்பவில்லை என்று அர்த்தம். 30 போட்டிருந்தால், கசிவு 15 மில்லியாம்பியரைத் தாண்டினாலே விழலாம்.

முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, அது பேஸை (கரண்ட் வரும் கம்பியை) மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி) எர்த்தைத் தொட்டாலும் டிரிப் ஆகும். அப்புறம் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கீசர் காயில்தான் குற்றவாளி (பாவம், ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொண்டிருந்தோம்). எதைப் பிடுங்கியும் டிரிப் ஆவது நிற்கவில்லையா? இன்வெர்ட்டர் போட்டபோது நியூட்ரலை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.