ஒரு வரி செய்த வேலை

'டர்ன்! டர்ன்! டர்ன்!' முழுக்க முழுக்கப் போர் எதிர்ப்புப் பாட்டு என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. அதை உருவாக்கிய அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் எடுத்துக்கொண்டது பைபிளில் உள்ள பிரசங்கி புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தில் முதல் 8 வசனங்களை. பிறக்க, சாக, நட, பிடுங்க, கொல்ல, குணமாக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு காலம் இருப்பதாக அது சொல்லிக்கொண்டே போகிறது. யுத்தத்துக்கும் ஒரு காலம் உண்டாம்! 9ஆம் வசனமோ, பாடுபடுகிறவனுக்கு இதனால் என்ன பலன் என்று அலுத்துக்கொள்கிறது. சீகர் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார், கெட்டிக்காரர்.

அப்புறம், சமாதானத்துக்கான காலம் வரும் கடைசி வரியில், 'இன்னும் நேரம் கடந்துவிடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்' என்ற பொருளில் சொந்தமாக ஒட்டு போட்டார். பல்லவியின் 'டர்ன்'களை விட்டால், அவர் சேர்த்தது அவ்வளவுதான். தராசு சாய்வது அங்கேதான். பிரசங்கி எந்தப் பக்கமும் சாயாதவர்.

பர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1965இல் பதிவு செய்த வடிவம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. வியட்நாமுக்கு அமெரிக்கப் படைகள் குவிந்துகொண்டிருந்த வருஷம் அது. கேட்டவர்கள் அந்த ஒட்டு வரியைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. எனக்கென்னவோ அந்தப் பதிவில் வரும் பன்னிரண்டு தந்தி கிட்டார் கேட்கும்போது போரும் வேதமும் மறந்துபோகிறது.