எழுநூறு வரிக்கு எதற்கு இத்தனை கோப்புறைகள்?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நிரல் எழுதப் பழகும் தம்பி தங்கைகள் தங்கள் வேலையைப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்புவதுண்டு. அண்மைக்காலமாக எல்லோரிடமும் ஒரே நோயைத்தான் காண்கிறேன். கடைசியாக வந்தது நெல் கொள்வனவுக் கணக்கு வைக்கும் ஒரு சின்னச் செயலி. மொத்தமாக எழுநூறு வரிகள் தேறாது. அதற்குள் கன்ட்ரோலர்ஸ், சேர்விசஸ், ஹெல்பர்ஸ், யூட்டில்ஸ் என்று கோப்புறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து வரிக் கோப்புகள். நான்கு பானைக்கு நாற்பது உறி கட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "பெரிய இடங்களில் இப்படித்தானே அக்கா எழுதுகிறார்கள்" என்கிறார்கள்.

சரி, பெரிய இடங்களையே பார்ப்போம். மைக்ரோசொஃப்டின் டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் தரவு வகைகளைச் சரிபார்க்கும் பகுதி பல ஆண்டுகளாக ஒரே கோப்பில்தான் வளர்ந்தது. அது 50,000 வரிகளைத் தாண்டிவிட்டது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் அதைத் திரையில் காட்டவே மறுக்கும். மைக்ரோசொஃப்ட்காரர்களுக்குக் கோப்பைப் பிரிக்கத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? உங்கள் கைபேசிக்குள் இருக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் இன்னும் வேடிக்கையானது. அதை நூற்றுக்கு மேற்பட்ட கோப்புகளில் எழுதுகிறார்கள். வெளியிடும்போது எல்லாவற்றையும் சேர்த்து, இரண்டு இலட்சம் வரிகளுக்கு மேற்பட்ட ஒரே சி மொழிக் கோப்பாகக் கொடுக்கிறார்கள். நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர், முழு நிரலையும் ஒன்றாகப் பார்த்தால் 5 முதல் 10 சதவீதம் வரை வேகமான நிரலைத் தருகிறது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கும் தூக்கிச் செல்ல ஒரு கோப்புத்தான்.

பிரிப்பதற்கு ஒரு காலத்தில் இயந்திரக் காரணமே இருந்தது. ஒரு வரியை மாற்றினால் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' கருவியை எழுதினார். மாறிய கோப்பும் அதை நம்பியிருப்பவையும் மட்டும் மீண்டும் கம்பைல் ஆகும். பைதன் மொழியில் எழுதிய எழுநூறு வரிகளுக்கு அந்தக் கவலை ஏது?

"இரண்டு பேர் ஒரே கோப்பில் வேலை செய்ய முடியாதே" என்பார்கள். முடியும். பலர் செய்த மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் கருவியான கிட் வரிவரியாகத்தான் ஒப்பிடுகிறது. நீங்கள் மேலேயும் நண்பர் கீழேயும் மாற்றினால் அதுவே இணைத்துவிடும். இருவரும் புது ஃபங்ஷனைக் கோப்பின் கடைசியிலேயே கொண்டுபோய் ஒட்டினால்தான் முட்டிக்கொள்ளும்.

அந்த நெல் செயலியில் என்னை எரிச்சலூட்டியது வேறொன்று. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை, கிலோவுக்கு நாடு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா. இந்த 120 கொள்வனவுக் கோப்பில் ஒருமுறை, பற்றுச்சீட்டுக் கோப்பில் ஒருமுறை, மாத அறிக்கையில் இன்னொருமுறை எழுதப்பட்டிருந்தது. ஈரப்பத எல்லையான 14 சதவீதம் ஹெல்பர்ஸுக்குள் ஒளிந்திருந்தது. விலை மாறினால் மூன்று கோப்புறைகளைத் திறக்க வேண்டும். ஒன்றை மறந்தால் பற்றுச்சீட்டில் ஒரு தொகை, அறிக்கையில் வேறு தொகை. இத்தனை கோப்புகளாகப் பிரித்து என்ன பயன்? கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972இலேயே இதை எழுதிவிட்டார்: வேலை நடக்கும் வரிசைப்படி நிரலை வெட்டாதீர்கள், மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் அடக்குங்கள் என்று. விலையும் ஈரப்பதமும் ஒரே அறிவித்தலில் மாறுபவை. அவை ஒன்றாக இருக்க வேண்டும். அது தனிக் கோப்பா, பெரிய கோப்பின் தலைப்பகுதியா என்பது எனக்குப் பெரிய விடயமே அல்ல.

இதே செயலியில் மொடல்ஸ் என்ற கோப்பு யூட்டில்ஸை இம்போர்ட் செய்கிறது, அதாவது தனக்குள் அழைக்கிறது; யூட்டில்ஸ் மொடல்ஸை இம்போர்ட் செய்கிறது. பைதன் நடுவழியில் நின்றுவிட்டது. அந்தத் தம்பி ஒரு மாலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். இரண்டையும் ஒரே கோப்பாக்கியதும் பிழை போய்விட்டது.

நான் பிரிக்கவே மாட்டேன் என்றில்லை. தரவுத்தளமோ பிரிண்டரோ இல்லாமல் விலைக்கணக்கை மட்டும் ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்றால் அதை வெளியே எடுப்பேன். இன்னொரு செயலிக்கும் அதே கணக்குத் தேவைப்பட்டாலும் எடுப்பேன். "கோப்பு நீளமாகிவிட்டது" என்பதை மட்டும் காரணமாக ஏற்கமாட்டேன். எடிட்டரில் தேடும் வசதி எதற்கு இருக்கிறது?

யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ நேர்முகத்தேர்வுக்குப் போகிறவர்கள் மட்டும் இந்தப் பதிவைக் காட்டி வாதாட வேண்டாம். அங்கே அழகாகப் பிரித்தே காட்டுங்கள். சண்டையை வேலை கிடைத்தபின் பிடிக்கலாம்.